எண்ணெய் பூசிய வார்

என் தங்கச்சி சின்னவளின் காலைக் கெடுத்தது நீங்கள்தான், அம்மா. கிரகணமும் இல்லை, கடவுளும் இல்லை. நீங்கள்தான்.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு வெள்ளைச் சீலை தேடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில், உங்கள் கூறைச் சீலைக்குள் சுற்றியபடி, அந்தச் சப்பாத்துச் சோடி இருந்தது. நடுவில் ஒரு கம்பி, அதன் இரண்டு அந்தத்திலும் உள்ளங்கை அளவில் ஒவ்வொரு சப்பாத்து. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனதும் காறிய தேங்காயெண்ணெய் மணத்தது. அந்த எண்ணெயைப் பூசியது நான்.

அவள் பிறந்தபோது இடது பாதம் உள்ளே திரும்பி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. பார்க்க வந்த பெண்கள், கிரகண நேரத்தில் நீங்கள் பூசணிக்காய் வெட்டியதைக் கண்டதாகச் சொன்னார்கள். கண்டவர்கள் அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. பிள்ளையின் காலைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டீர்கள்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் அம்மாதான் முதலில் அந்தத் தலைப்பை விலக்கினார். "இது வளைபாதம். ஆரும் செய்த பிழை இல்ல. இப்பவே தொடங்கினா நேராக்கலாம்" என்றார். கிழமைக்கு ஒரு தடவை, பாதத்தைக் கையால் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் திருப்பி, விரலடியிலிருந்து தொடை வரைக்கும் பிளாஸ்டர் போட்டார்கள். ஆறு கிழமை. பிறகு குதிகாலுக்கு மேலே இறுகிக் கிடந்த தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு, மூன்று கிழமைக்குக் கடைசிப் பிளாஸ்டர். அதைக் கழற்றிய நாளில், புளியந்தீவுக் கிளினிக்கிலிருந்து நாவற்குடா வீட்டுக்கு வரும்வரைக்கும் பஸ்ஸில் அந்தக் காலைத் திறந்தே வைத்திருந்தீர்கள். பக்கத்தில் இருந்த பெண் கேட்காமலே காட்டினீர்கள்.

கால் திரும்பவும் உள்ளே போகப் பார்க்கும், சப்பாத்துத்தான் பிடித்து வைக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதல் மூன்று மாதம் முழு நாளும். அதன்பிறகு நான்கு வயது வரைக்கும் நித்திரைக்கு மட்டும்.

மூன்று மாதம் முடிவதற்குள் கடல் வந்தது.

ஒரு கையில் அவள், மறு கையில் நான். தண்ணீர் உங்கள் இடுப்புக்கு ஏறியபோது அவளுடைய சப்பாத்துக் கம்பி முள்ளுக்கம்பி வேலியில் கொழுவிக்கொண்டது. ஒற்றைக் கையால் இழுத்தீர்கள். வரவில்லை. என் கையை விட்டீர்கள்.

பின்னேரம் ஆரோ ஒருவருடைய கூரையிலிருந்து என்னை இறக்கிப் பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். நீங்கள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அப்படியே நிலத்தில் குந்தி, சின்னவளின் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினீர்கள்.

"இனி இதக் கட்ட மாட்டன், புள்ள. இன்னொருக்கா கடல் வந்தா நான் ஆர விடுற?"

எனக்குப் பன்னிரண்டு வயது. சந்தோசப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

முகாமுக்கு லொறி லொறியாகச் சாமான் வந்தது. நம்முடைய வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு, சேற்றுக்குக் குதி உயர்ந்த செருப்பு. படம் எடுக்க வந்தவர்கள் சின்னவள் வடிவாகச் சிரிக்கிறாள் என்றார்கள். அவளுடைய காலில் இருக்க வேண்டியது ஏன் உங்கள் பைக்குள் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிளினிக் திரும்பத் திறந்தது. அவள் வளர வளரப் பெரிய சோடி தந்தார்கள். வார் புதுசாக இருந்தால் டொக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தீர்கள். கிளினிக் நாள் விடிந்ததும் எண்ணெயும் சாம்பலும் குழைத்து வாரில் பூசி, சீமெந்துத் தரையில் தேய்ப்பது என் வேலை. பஸ்ஸில் கட்டுவீர்கள், திரும்பும்போது பஸ்ஸிலேயே கழற்றுவீர்கள். ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டொக்டர் கேட்டால், "ஓம், நித்திரைக்குப் போடுறன்" என்பீர்கள். அவர் என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.

அந்த வேலியைப் பற்றி நானாவது சொல்லியிருக்கலாம். அவர் ஏசியிருக்க மாட்டார். ஒரே இழுவையில் வாரைக் கழற்றப் பழக்கியிருப்பார். என் வாயை எது அடைத்தது என்று எனக்குத் தெரியும்: அடுத்த முறையும் விடப்படுவது நான்தான் என்ற பயம்.

மூன்று வயதாகும் முன்னமே பாதம் திரும்பிவிட்டது. பிந்தவில்லை, பிளாஸ்டரை முதலிலிருந்து தொடங்கலாம் என்றார் டொக்டர். இரண்டு போட்டோம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், செல் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள். பாலத்துச் சோதனையில் ஒரு சிப்பாய், உள்ளே என்ன இருக்கிறது என்று பிளாஸ்டரைத் துவக்கு முனையால் தட்டிப் பார்த்தான். அவள் உங்கள் இடுப்பில் இருந்தபடியே மூத்திரம் போனாள். வீட்டுக்கு வந்து அவளுடைய காலை வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிளாஸ்டரை உரித்தீர்கள். அது உங்கள் பிழை இல்லை. ஒரு குழந்தையின் காலைத் துவக்கால் தட்டிய நாட்டின் பிழை அது. ஆனால் அந்தப் பிளாஸ்டர் ஏன் இரண்டாம் தரம் தேவைப்பட்டது? அதற்கு நாட்டை இழுக்க முடியவில்லை, அம்மா.

யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்திய அன்று தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க ஓடினார்கள். பாதத்தின் வெளி விளிம்பை ஊன்றி ஊன்றி அவள் போய்ச் சேர்ந்தபோது புகைதான் மிச்சம். "என்னகா, முடிஞ்சா?" என்று திரும்பி வந்து உங்களைக் கேட்டாள். நீங்கள் குசினிக்குள் போய்விட்டீர்கள்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. வரும் மாதம் ஒப்பரேசன். எலும்பையும் வெட்ட வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

சற்று முன்னம் அறை வாசலுக்கு வந்தவள் என் மடியில் இருந்ததைக் கண்டாள். யாருடையது என்று கேட்டாள். உன்னுடையது என்றேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாரில் விரலை விட்டாள்.

"ஒரு ஓட்டையும் இழுபடல்லியே, அக்கா. எனக்கு ஏன் இதப் போடல்ல?"

இதைப் போட வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியாது எனப் பொய் சொன்னால், கிரகணக் கதை சொன்ன பெண்களோடு நானும் சேர்ந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால், என் கையை விட்டதற்காக அம்மா உன் காலை விட்டுவிட்டா என்று சொல்ல வேண்டும். வேலியில் கொழுவுப்பட்டதும் நீதான், அதற்கு விலை கொடுத்ததும் நீதான் என்று சொல்ல வேண்டும். என் விரலில் எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை.

அவள் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருக்கிறாள். பதில் கிடைக்காமல் எழும்ப மாட்டாள், உங்கள் பிடிவாதம்.

என்னால் முடியாது. நீங்களே சொல்லுங்கள், அம்மா.