கிம் நியோ அக்கா தராத சம்மதம்

மலாக்கா, ஜூன் 4, 1988, சனி

அக்கா இறந்து மூன்று மாதம். மனம் அலைகிறது. எழுத வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. தம்பி கெங் சூ வாராவாரம் சிங்கப்பூரிலிருந்து வந்து, அக்காவின் வீட்டை விற்கச் சொல்வது.
2. உயிலை நிறைவேற்ற வேண்டிய பெரியம்மா மகன் சுவீ கீ அண்ணன், அதை எங்கள் இருவருக்கும் காட்டாமல் இழுத்தடிப்பது.
3. இந்த வீட்டில் எதையும் ஒளிக்காதவன் நான் ஒருவன்தான்.

இன்றும் அண்ணன் முன்னோர் மேடையில் ஊதுவத்தி ஏற்றி, இரண்டு செப்புக் காசுகளை எறிந்தார். ஒன்று சிவந்த பக்கமும் மற்றது வெறும் பக்கமும் காட்டினால், உயிலைப் பிரித்து மேடையை அகற்றி வீட்டை விற்க அக்காவுக்குச் சம்மதம். மூன்று முறை எறிந்தார். மூன்றிலும் இரண்டுமே சிவப்பு.

"கிம் நியோ மனசு இறங்கல. மேடையைத் தொடாதீங்க."

"பதினோரு வாரமாவா? உயிரோட இருந்தப்பகூட அக்கா இவ்வளவு பிடிவாதம் பிடிச்சதில்லையே!"

தம்பி கேலியாகத்தான் சொன்னான். ஆனால் குரல் இறங்கியிருந்தது. மேடையிலிருந்த அம்மாவின் பெயர்ப்பலகையை, காசு எறிந்து கேட்காமல் அவன் நகர்த்திய வருடம் அவன் கடை எரிந்துபோனது.

ஜூன் 5

மழை. கூரையில்லாத நடுமுற்றத்தில் தண்ணீர் தேங்கி, வானம் தரையில் கிடந்தது. அதன்மேல் அக்கா பாசிமணிச் செருப்போடு நடந்து போனாள். செருப்பு நனையவில்லை. தூங்கினேனா?

ஜூன் 11

மறுபடி மூன்றும் சிவப்பு. பன்னிரண்டு வாரம், முப்பத்தாறு எறிவு. ஒரு தடவைகூட வெறும் பக்கம் விழவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது உறுத்தாதா? கேட்கலாமா?

கேட்கவில்லை.

ஜூன் 18

தம்பி போனபின் அண்ணன் நாற்காலியில் கண்ணயர்ந்தார். காசுகள் மேடையிலேயே இருந்தன. திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் இரு பக்கமும் சிவப்பு. அக்காவின் நகச்சாயம்!

"பாத்துட்டியா?" அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

"வீட்டை நீங்களே எடுத்துக்கப் போறீங்களாண்ணே?" — என் குரலா அது?

"போடா மடையா. உயில்ல உன் பேரே இல்ல. முப்பது வருஷத்துக்கு முந்தி எழுதினது. அப்ப உனக்குப் பள்ளிக்கூடத்துல வீடு குடுத்திருந்தாங்க. மாத்து மாத்துன்னேன், நாளைக்கு நாளைக்குன்னே போய்ட்டா. எல்லாம் கெங் சூவுக்குத்தான். காட்டினா அடுத்த வாரமே வித்துருவான். இந்த வயசுல நீ எங்கடா போவே?"

ஜூன் 19

அக்கா மறந்துவிட்டாள். இருபது வருடம் எனக்குச் சோறு போட்டவள் — மறந்துதான் போயிருப்பாள், வேறென்ன? முற்றத்தில் வெயில் சுவரேறிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே போவேன்?

ஜூலை 1

தம்பியின் வீட்டை ஏமாற்றித் தின்பதா? கூடாது. வேறு இரண்டு காசுகளில் ஒரு பக்கம் மட்டும் சாயம் தீட்டி உலர வைத்தேன்.

ஜூலை 2

"சுவீ கீ அண்ணன் கைமேல எனக்கு நம்பிக்கை போச்சு. இன்னிக்கு நீங்க போடுங்கண்ணே. உங்களுக்குப் பொய் வராது" என்றான் தம்பி.

என் சட்டைப்பையில் என் காசுகள். சுவீ கீ அண்ணன் தன் காசுகளை நீட்டினார். ஊதுவத்திப் புகையில் அக்காவின் படம் நீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தது.

அவர் நீட்டியதை வாங்கினேன்.

மூன்று முறை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. தம்பி மேடைமுன் குனிந்து கும்பிட்டான்.

"சரிக்கா, இனிமே கேக்கல." பிறகு என் தோளைத் தொட்டான். "நீங்க இங்கேயே இருங்கண்ணே. அக்காவுக்குத் துணையா."

என் காசுகள் இன்னும் பையில்தான் கிடக்கின்றன.

ஜூன் 4 அன்று வரிசைப்படுத்தியதில் முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு.