பசிக்கட்டும் என்றொரு வாழ்த்து

என்னங்க,

நீங்கள் இருந்தபோது கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். வேறு எப்படித் தொடங்குவது? உங்கள் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் பெண் வித்யா, ஜூலியனையும் அவன் அம்மாவையும் ஆகுர்டியில் இருக்கிற நம் வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஜூலியன், பாணேர் பக்கம் இருக்கிற ஆபீஸில் அவளோடு வேலை பார்க்கிற பிரெஞ்சுப் பையன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து பார்த்தானே, அவன்தான். அவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "யோசிச்சு சொல்றேன்" என்று சொன்னீர்கள். சொல்வதற்குள் போய்விட்டீர்கள். முடிவு என் தலையில் விழுந்தது.

சாதம், சாம்பார், வாழைக்காய் வறுவல், பாயசம் எல்லாம் பரிமாறிவிட்டு, "சாப்பிடுங்க" என்று கையால் காட்டினேன். இரண்டு பேரும் தட்டைத் தொடவில்லை. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாதம் ஆறியது. நம் சாப்பாடு பிடிக்கவில்லை, சம்பந்தமும் இத்தோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பளத்தோடு வந்த வித்யா தலையில் கைவைத்தாள். "அரே அம்மா, நீ உக்காந்து மொதல் வாய் எடுத்தாதான் அவங்க ஆரம்பிப்பாங்க. அவங்க ஊர்ல வீட்டுக்காரம்மாதான் ஃபர்ஸ்ட்."

"விருந்தாளி சாப்பிடாம நான் எப்படிடி உக்காருவேன்?"

"நீ உக்காராம அவங்க எப்படி சாப்பிடுவாங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உடனே ஜூலியன், "போனப்பெத்தீ" என்றான். வித்யாவிடம் அர்த்தம் கேட்டேன். நல்ல பசி என்றாள். பசி தீரட்டும் என்றால் புரிகிறது. பசிக்கட்டும் என்று யாராவது வாழ்த்துவார்களா? ஆசையாய், ருசித்துச் சாப்பிடுங்கள் என்பதாம். கேட்டவர் நன்றி சொல்லி, உங்களுக்கும் அப்படியே என்று திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அவன் அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. அதையும் கேட்டேன். சாப்பிடும் இடத்தில் பசி, வயிறு என்று பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் பிறந்த வீட்டு வழக்கமாம். அங்கேயும் வீட்டுக்கு வீடு மாறுகிறது, பாருங்கள்.

நீங்கள் போனதிலிருந்து எனக்குப் பசி என்று ஒன்று வந்ததில்லை. அடுப்படியில் நின்றபடியே ஏதோ விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் சாதத்தைப் பிசைந்தேன். நன்றாகவே சாப்பிட்டேன். மறுபடியும் சாதம் போட்டுக்கொண்டேன். அதைக் கவனித்த அந்த அம்மா, சாம்பார்க் கிண்ணத்தை எடுத்து அவரே எனக்கு ஊற்றினார். நம் வீட்டில் எனக்கு ஒருவர் பரிமாறி எத்தனை காலம் இருக்கும்?

கை கழுவிவிட்டு வந்து, "சரி, நாள் பாக்கலாம்" என்றேன். வித்யா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்களா? தெரியவில்லை. சொல்லியிருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும் என்பார்கள் நம் ஆட்கள். சொல்லட்டும். நான் முதல் பந்தியில் அந்த அம்மா பக்கத்தில் உட்காருவேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
வித்யா அம்மா