அருந்ததியின் சாப்பாட்டுக் கணக்கு

6.10.2024, ஞாயிறு

வீட்டில் இருந்தவர்கள்: நான், இவர், கலியாணத் தரகர் நமசிவாயம் அண்ணை. போனுக்குள் இருந்தவர்கள்: ரொறன்ரோவில் மாப்பிள்ளை, அவருடைய தாய், பின்லாந்தில் படிக்கிற எங்கள் மகள் அருந்ததி. மொத்தம் ஆறு பேர். நவராத்திரி விளக்கேற்றி, சுண்டல் படைத்துவிட்டு, ஐந்தரைக்கு வீடியோவில் பேசினோம்.

அந்தத் தாய் நல்ல மாதிரித்தான் கதைத்தா. அருந்ததியைக் கனநேரம் பார்த்துவிட்டு, "படத்தில மெலிவாத் தெரிஞ்சவா. அங்க பாலும் பட்டரும் கூடத்தான் போல" என்றா. நமசிவாயம் அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ஓம், நானும் சொல்லுறனான். குறைச்சுப் போடுவா" என்று சொன்னேன்.

அருந்ததி போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள். பிறகு முகம் மட்டுந்தான் தெரிந்தது.

தை மாதம் முடிவு சொல்வார்களாம். மூன்று மாதம் இருக்கிறது.

8.10.2024

புதுக் கொப்பி. பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது பத்தாம் வகுப்பு வரை. மிச்சமெல்லாம் பேப்பரிலும் போனிலும் படித்ததுதான். கலோரி என்றால் என்ன என்று இரண்டு நாளில் படித்துவிட்டேன். ஒரு டொக்டர் வீடியோவில் ஆயிரத்து இருநூறு என்று சொன்னார். அதற்கு மேலே போகக் கூடாது. அருந்ததி கடையில் வாங்குகிற ஒவ்வொன்றின் லேபலையும் படம் எடுத்து அனுப்புவாள். நான் கணக்குப் பார்த்துச் சொல்வேன். அவளுக்குச் சோதனைகள். நேரம் இல்லை. எனக்குத்தான் நேரம் இருக்கிறதே.

லேபலுக்கு நேரே போனைக் காட்டினால் பின்லாந்து எழுத்து தமிழாக மாறுகிறது. மைதோ - பால். ரூயிஸ்லெய்ப்பா - கறுத்தப் பாண், குரக்கன் நிறம். ரஹ்கா - தயிரைத் துணியில் கட்டி வடித்தது மாதிரி. ரஸ்வதோன் என்று போட்டிருந்தால் கொழுப்பு இல்லை. சொகெரிதோன் என்றால் சீனி இல்லை. இந்த இரண்டையும் பாடமாக்கச் சொன்னேன். "எனக்குத் தெரியும் அம்மா, நான் இங்க தானே இருக்கிறன்" என்று சிரித்தாள்.

9.10.2024

காலி வீதி சுப்பர்மார்க்கெட்டில் ஒரு மணித்தியாலம் நின்று லேபல் பார்த்து எழுதினேன். அங்கே வேலை செய்கிற டில்ஷானி கிட்ட வந்து, "மொனவத அன்ட்டி லியன்னே?" என்று சிங்களத்தில் கேட்டாள், என்ன எழுதுகிறீர்கள் என்று. விலை பார்க்க வந்த அரசாங்க ஆள் என்று நினைத்திருக்கிறாள். "துவட்ட" என்றேன், மகளுக்கு என்று. உடனே பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை.

இவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன்னைத் திறைசேரியில விட்டிருந்தா நாடு இப்பிடிப் போயிராது" என்கிறார்.

13.10.2024, ஞாயிறு

முதல் கிழமையின் கூட்டு: ஒரு நாளும் ஆயிரத்து இருநூறுக்குள் நிற்கவில்லை. மூவாயிரம், நாலாயிரம்! ஒரு கோப்பை ஓட்ஸ் அறுநூறுக்கு மேல். பால் முந்நூறு. நான் தலையில் கை வைத்தேன். அந்தத் தாய் சொன்னதைக் கேட்டு இந்தப் பிள்ளை கோவிப்பதில் என்ன பிரயோசனம்?

இரவு அவள் ஏதோ சொல்ல வந்தாள். "அம்மா, அந்த லேபலில ரெண்டு எண் இருக்கு, நீங்கள் பெரிசை -"

நான் விடவில்லை. "ரெண்டு இருந்தா பெரிசைத்தான் எழுதவேணும். செலவைக் கூட்டி எழுதுறவள்தான் வீடு நடத்துவாள். குறைச்சு எழுதி உன்னையே ஏமாத்தப் போறியே?"



"சரி அம்மா" என்றாள்.

18.10.2024, வெள்ளி

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. முதல் தடவையாக உள்ளே நின்றது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

2.11.2024

கந்தசஷ்டி தொடக்கம். அருந்ததி தானும் ஆறு நாளும் விரதம் பிடிக்கிறாளாம், பாலும் பழமும் மட்டும். நான் சொல்லவேயில்லை. அந்தக் குளிரில், அந்த ஊரில், அவளாகக் கேட்கிறாள். கோயிலில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

8.11.2024

காலையில் பாரணை. இவருக்கும் எனக்கும் சோறு, பயற்றங்காய்க் கறி, பாயாசம். அருந்ததிக்குப் போன் எடுத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. இப்போது மூன்றரை மணி வித்தியாசம். இருட்டுக்குள் இருந்து, "நான் இன்னும் ரெண்டு நாள் பிடிக்கிறன் அம்மா" என்றாள்.

சூரன் போர் முடிந்துவிட்டது. இது யாருக்கு?

கேட்கவில்லை. "கெட்டிக்காரி" என்றேன்.

20.11.2024

வீடியோவில் வருகிறாள் இல்லை. இன்டர்நெட் சரியில்லையாம். லேபல் படங்கள் மட்டும் ஒழுங்காக வருகின்றன. கூட்டிச் சொல்கிறேன். "சரி அம்மா."

24.11.2024

நமசிவாயம் அண்ணை புதுப் படம் கேட்டார். அனுப்பினாள். நீலச் சாறி, பின்னால் பனி. கன்னம் நன்றாக இறங்கியிருக்கிறது. "இப்பதான் பார்க்க லட்சணம்" என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேனா? சமைக்கப் போய், அரிசி அளக்கும்போது கை நின்றுவிட்டது. அந்தக் கழுத்தெலும்பு. சாறித் தலைப்புக்கு மேலே இரண்டு குழி. அதில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும்.

படத்தை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்து வைத்த போன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது.

28.11.2024

குளித்துவிட்டு வரும்போது, அருந்ததியின் குரலில் "சரி அம்மா" என்று கேட்டது. இவர் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றார். நீங்களா கூப்பிட்டீர்கள் என்றேன். "நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்.

3.12.2024

கொட்டாஞ்சேனையிலிருந்து பேர்ணடெற் போன் எடுத்தா. அவவுடைய மகள் ரொஷேல்தான் அங்கே அருந்ததியோடு ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளை, ஒரே குசினி. நாங்கள் விமான நிலையத்தில் ஒருக்கா கதைத்ததுதான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. ரொஷேல் நேற்று அழுதுகொண்டு கதைச்சவ. உங்கட பிள்ளை சாப்பாட்டை எல்லாம் படம் எடுக்கிறவவாம். பிறகு பொதியை மூடி, திரும்பவும் பிரிட்ஜுக்குள்ள வைக்கிறவவாம். அதையே அடுத்த நாளும் எடுக்கிறவவாம். நான் மாதாட்ட மெழுகுதிரி ஏத்தினனான். ஆனா மெழுகுதிரி மட்டும் காணாது அக்கா."

"அவ விரதக்காரி" என்றேன்.

"எத்தினை நாள் விரதம் அக்கா?"

போனை வைத்துவிட்டேன். பொறாமை என்று எழுதலாமா? எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கொப்பியில் பொய் எழுதிப் பழக்கமில்லை.

4.12.2024

அருந்ததியிடம் கேட்டேன். "ரொஷேல் எல்லாத்தையும் பெருப்பிப்பாள் அம்மா. உங்கட கணக்கில நான் நல்லாத்தானே சாப்பிடுறன்?" என்றாள். கொப்பியைப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று எண்பது, ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஓம், நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். கொப்பி சொல்கிறதே.

9.12.2024, திங்கள்

இதையும் எழுதவேண்டும்.

இவருடைய பிரஷர் குளிசைக்காக எங்கள் தொடர்மாடிக்குக் கீழே இருக்கிற பார்மசிக்குப் போனேன். மருந்து எடுத்துத் தருகிற பஹ்மாதான் நின்றாள். அங்கே இரண்டு ஓட்ஸ் பைக்கற். ஒன்று இங்கே செய்தது, ஒன்று வெளிநாடு. பழக்கதோஷம், இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். நூறு கிராமுக்கு இதில் முந்நூற்று எண்பது. அதில் ஆயிரத்து அறுநூறு. ஒரே ஓட்ஸ்!

"பஹ்மா, வெளிநாட்டு ஓட்ஸில அப்பிடி என்ன போடுறாங்கள்? நாலு மடங்கு இருக்கே?"

அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஒண்டும் போடல்ல அன்ட்டி. இதுல ரெண்டு நம்பர் ஈக்கி பாருங்க. பெரியது கே ஜே, அது வேற அளவு. சின்னதுதான் கலோரி. பெரியத்த நாலால பிரிச்சா சின்னது வரும். அங்கத்த சாமான் எல்லாத்திலயும் இப்பிடித்தான்."

இரண்டு எண்.

"என்ன அன்ட்டி, இருங்க, இருங்க" என்று கதிரை போட்டாள். தண்ணீர் தந்தாள். குளிசையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். ஒக்டோபர் பதின்மூன்று தொடங்கி நேற்று வரை, ஒவ்வொரு நாளையும் நாலால் பிரித்தேன். இவர் வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். வந்த எண்களை இங்கே எழுதமாட்டேன். அதுவும் அவள் சாப்பிட்டிருந்தால். பாதி வெறும் படம்தானே.

நான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் கூட்டிச் சரி பார்த்து, அடியில் கோடு போட்டு. கெட்டிக்காரி என்று வேறு சொல்லி.

அதே நாள், இரவு

அருந்ததி போனை எடுத்தாள். வீடியோ வேண்டாம் என்றாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: நாலு மடங்கு, பிழை, என்ர பிழை, பிள்ளை, இனி நல்லாச் சாப்பிடு, இண்டைக்கே சாப்பிடு.

"தெரியும் அம்மா."

"என்ன தெரியும்?"

"கே ஜே எண்டு தெரியும். முதல் கிழமையே சொன்னனான். பெரிசைத்தான் எழுதவேணும் எண்டீங்கள்."

"விசரி! நீ படிச்சவள். பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாம் தானே? ஏன் சொல்லேல்லை?"

"முதல்ல கோவம். பிறகு அது எனக்கு வசதியாப் போச்சு. உங்கட கணக்கில நான் நல்லாச் சாப்பிடுறவள். ஒருத்தரும் பயப்பிட மாட்டினம். அதுக்குப் பின்னால நான் ஒளிச்சிருந்தனான்."

"சரி, இப்ப வெளியில வா. ஒரு துண்டு பாண் -"

"ஏலாது அம்மா. விருப்பம் இல்லாமல் இல்லை. வாயில வைக்க ஏலுதில்லை."

அழுதாளா தெரியாது. நான் அழுதேன். பிறகு அவள் மெல்லமாக, "அண்டைக்கு அந்த அன்ட்டி சொன்னவுடன நீங்களும் சிரிச்சீங்கள்" என்றாள்.

சிரித்தேன். இந்தக் கொப்பியிலேயே நான் எழுதியும் வைத்திருக்கிறேன்.

11.12.2024

சாமியறையில் உட்கார்ந்து கேட்க வாய் வரவில்லை. என்ன கேட்பது? நான் கேட்டதைத்தானே தந்தார். ஆயிரத்து இருநூறுக்குள் நின்றது என்று தேங்காய் உடைத்தவள் நான்.

17.12.2024

பஸ் தரிப்பிடத்தில் விழுந்துவிட்டாள். ரொஷேல்தான் அம்புலன்ஸ் கூப்பிட்டு, கூடப் போய் இருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை. உப்புச்சத்து இறங்கி இருதயம் ஒழுங்கில்லாமல் அடித்ததாம்.

உயிருக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை.

19.12.2024

பேர்ணடெற் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் மாறி வந்தா. கையில் பிளாஸ்கில் கோப்பி. "வீட்டில அடுப்பு மூட்டியிருக்க மாட்டீங்கள் எண்டு தெரியும்" என்றா. அன்றைக்கு நான் போனை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ. நானெண்டா ஏசியும் இருப்பன்" என்றா. இரண்டு பேரும் ரொஷேலோடு கதைத்தோம். அருந்ததி ஆஸ்பத்திரியில் நித்திரை. எழுப்பவேண்டாம் என்றேன்.

5.1.2025, ஞாயிறு

தை பிறக்க முந்தியே நமசிவாயம் அண்ணை லட்டுப் பெட்டியோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் பூரண சம்மதமாம். நீலச் சாறிப் படம் அந்தத் தாய்க்கு நன்றாகப் பிடித்துவிட்டதாம்.

"எங்களுக்குச் சம்மதம் இல்லை அண்ணை" என்றேன்.

"என்ன தங்கச்சி, விளையாடுறியளே? இப்பிடி இடம் கிடைக்குமே? என்ன குறை?"

"அவைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் படத்தில இருக்கிற பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்கிறாள். அதைத்தான் அவைக்குப் பிடிச்சிருக்கு."

அவர் இவரைப் பார்த்தார். ஆம்பிளை ஒரு வார்த்தை சொல்வார் என்று. இவர் எழும்பி, கதவைத் திறந்து பிடித்தார். லட்டுப் பெட்டியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

9.1.2025

அருந்ததி ஆஸ்பத்திரியிலிருந்து ரொஷேலோடு இருக்கிற வீட்டுக்கு வந்துவிட்டாள். கிழமைக்கு இரண்டு நாள் கிளினிக். அங்கே இருக்கிற தாதி ரொஷேல் மூலம் சொல்லி அனுப்பினா: அருந்ததி தானாக விரும்பும் வரை அம்மா போன் எடுக்கவேண்டாம், சாப்பாடு பற்றி ஒருவரும் கேட்கவேண்டாம்.

கோபம் வந்தது. பத்து மாதம் சுமந்தவள் கேட்கக் கூடாதாமே? கோபத்தோடு காலி வீதி முழுக்க நடந்தேன். பம்பலப்பிட்டி வரை போய்விட்டேன். திரும்பி வரும்போது கோபம் இல்லை. கால் நோவு மட்டும்.

14.1.2025

பொங்கல். பொங்கினேன். படம் எடுக்கவில்லை. ஒருவருக்கும் அனுப்பவில்லை.

19.1.2025, ஞாயிறு

அருந்ததியிடம் போவதற்கு எடுத்த என்னுடைய பாஸ்போட் வந்துவிட்டது. வீசாவுக்கு மகளின் கையெழுத்தோடு அழைப்புக் கடிதம் வேண்டுமாம். பெப்ரவரி மூன்றாம் திகதி அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். கடிதம் கேட்பது போன் எடுப்பது ஆகுமா? தெரியவில்லை. தாதியிடம் ரொஷேல் கேட்டாள். எழுதலாம், ஆனால் இல்லை என்று சொல்லவும் அவளுக்கு வழி வையுங்கள் என்றாவாம். நாலு தடவை எழுதி அழித்து, காலை பத்து மணிக்கு அனுப்பியது இது:

"அருந்ததி, அம்மா எழுதிறன். அண்டைக்கு நான் சிரிச்சது பிழை. அவவை நிப்பாட்டியிருக்கவேணும், நிப்பாட்டேல்லை. கலியாணப் பேச்சு முடிஞ்சுது, அதை நான்தான் முடிச்சனான், நீ யோசிக்காதை. நான் அங்க வர விரும்புறன். வந்தா ரொஷேலின்ர அறையில பாய் போட்டுப் படுப்பன், குசினிக்குள்ள நீ கூப்பிட்டா மட்டும் வருவன். நீ வேண்டாம் எண்டா வரமாட்டன், கோவிக்கவும் மாட்டன், அப்பாவும் கோவிக்க மாட்டார். ஓம் எண்டா கடிதம் அனுப்பு. வேண்டாம் எண்டா வேண்டாம் எண்டு ஒரு சொல் போடு. 'சரி அம்மா' எண்டு மட்டும் போடாதை. மூண்டாம் திகதிக்கு முந்தித் தெரியவேணும். கெதியாப் பதில் போடு, பிள்ளை."