யார் வீட்டு வாசலும் இல்லாத இடம்

3 ஆகஸ்ட், ஞாயிறு
கயிறு ராணி என் கமெண்டுக்குப் பதில் போட்டுவிட்டாள், "உங்க தெருவுலயே ஆரம்பிங்க சிஸ்டர்" என்று, ஆகவே நாளையிலிருந்து அமராவதிபுதூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஸ்கிப்பிங் ஆடப் போகிறார்கள்!

அவளுடைய யூடியூப் ஸ்கிப்பிங் சேனலில் நான் ஒரு வீடியோவைக்கூடப் பார்க்காமல் விட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் பார்த்துக் கற்றதுதான்.

காரணம் மஹாலட்சுமி. அக்கா மகள், நான்காம் வகுப்பு. எடை வயதுக்கு மிஞ்சி ஏறுகிறது, இப்படியே போனால் சீக்கிரமே சர்க்கரை வரலாம் என்று பள்ளி முகாமில் டாக்டர் சொல்லிவிட்டார். தனியாக ஓடினால் பையன்கள் 'குண்டு பல்பு' என்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஆடினால் யார் யாரைப் பார்ப்பது?

அக்கா காளீஸ்வரிக்கு நம்பிக்கை இல்லை. "மறுபடி எடை பாக்குற வரைக்கும் ஆடுங்க. ஏறியிருந்துச்சுன்னா, சாயங்காலம் டியூசன்தான்."

9 ஆகஸ்ட்
சத்தம் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது. தினம் ஒரு வீட்டு வாசல் என்று முறை வைத்தேன். என் ஐடியாதான்.

16 ஆகஸ்ட்
பொன்னழகு அத்தை வாசல். ஆடி முடித்ததும் ஒரு சட்டி வெள்ளைப் பணியாரம் வந்தது. "வாசலுக்கு வந்த புள்ளைகள வெறும் வாயோட அனுப்புனா நல்லாவா இருக்கு?"

21 ஆகஸ்ட்
நேற்று ஒரு வீட்டில் சீயம், எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டை. இன்று எதிர்வீட்டில் கந்தரப்பம். ஒரு வீடு கொடுத்தால் அடுத்த வீடு குறைத்துக் கொடுக்குமா? ஆடுவதைவிடத் தின்பதற்கு நேரம் ஆகிறது.

2 செப்டம்பர்
பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஏன் என்று தெரியும்.

மஹாவின் யூனிபார்ம் ஊக்கு மாட்டவில்லை. அக்கா திட்டாமல் ஊக்கைத் தள்ளித் தைத்தாள். அதான் பயமா இருக்கு.

5 செப்டம்பர்
எங்கள் வாசல் முறை. பலகாரம் வேண்டாம் என்றேன். "தெருவே குடுத்துச்சு, நம்ம மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கவா? என்னைய என்னன்டு பேசுவாளுக?" சீயம் உருட்டிக்கொண்டேதான் அக்கா சொன்னாள்.

ஒன் மகளுக்காகத்தானக்கா இந்த ஆட்டமே — சொல்லல. நானும் ரெண்டு தின்னேன்.

பலகாரத்தை எப்படி நிறுத்துவது என்று கயிறு ராணிக்கு எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. சீயத்துக்கு அவளிடம் வீடியோ கிடையாது போல.

11 செப்டம்பர்
குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஊருணிக் கரைக்குக் கூட்டிப் போனேன். இருட்டும்வரை ஆடினார்கள்.

வீடு வந்த பிறகுதான் உறைத்தது: இன்று தட்டே வரவில்லை. கரை யார் வீட்டு வாசலும் இல்லை. அங்கே யாரும் யாருக்கும் முறை செய்ய வேண்டாம்.

28 செப்டம்பர்
தெருவில் தோண்டிய குழியை மூடிவிட்டார்கள். நான் கரையை விடவில்லை.

பொன்னழகு அத்தை தட்டு ஏதும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்தார். "இங்குட்டு வந்து என்ன பண்றீக எல்லாரும்?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். மஹா அவரிடம் மட்டும்தான் தாண்டுகிறாள். மெதுவாகச் சுற்றுகிறாராம்.

14 நவம்பர்
எடை பார்த்தோம். முகாமில் இருந்த அதே எடை. அக்கா முகம் சுருங்கியது. நர்ஸ் அளவுகோலைக் காட்டினார்: "ஒசரம் கூடிருக்குல்ல. வளர்ற புள்ளைக்கு எடை ஏறாம நின்னதே நல்லது. விட்டுறாதீக."

மஹா அம்மாவையே பார்த்தாள். "அப்ப டியூசன்?"

அக்கா சாயங்காலம் மழை விட்டதும் கரைக்கு வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.

16 நவம்பர்
பக்கத்து ஊர்க்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்டது: "குன்றக்குடி, நாச்சியாபுரம் ஆளுக எல்லாரும் பாருங்க. உங்க ஊர்லயும் யாரு வீட்டு வாசலும் இல்லாத ஒரு எடம் இருக்கும். எதுன்னு எழுதுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க கரைக்குப் புள்ளைகளோட வாங்க. கைய வீசிக்கிட்டு வாங்க."