திரையில் எழுதிய எண்

மார்ச் 4, செவ்வாய்

மகள் போய் மூன்று நாள். அவள் போனை நான் சுவரில் அடித்து உடைத்தேன். பதிலுக்கு என் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நியாயம்தான்.

பல் கிளினிக்கில் போன் எங்கே என்று கேட்டார்கள். பஸ்ஸில் திருடு போய்விட்டது என்றேன். வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடம் "டாக்டர் இப்ப வந்துடுவார்" என்று சொல்லிப் பழகிய வாய், கூசவே இல்லை.

மார்ச் 5

கிளினிக் போனிலிருந்து என் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மணி அடிக்கிறதே, அது போதும்.

மார்ச் 6

பல் செட் செய்கிறவருக்குக் கையில் எப்போதும் அச்செடுக்கிற பிளாஸ்டர் மாவு. மாவுக்கை என்றே கூப்பிடுவோம். பாவம், எனக்காகச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். என் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டார், சொன்னேன். இங்கிருந்தே போனைப் பூட்டினார். பிறகு சிம்மையும் நிறுத்த வைத்தார். நான் பூட்டே வைக்காத போனுக்கு இப்போது நாலு இலக்க எண், ஒரு சீட்டில். இடம் பார்த்து போலீசோடு போகலாம் என்றார். போனால் போகட்டும் என்றேன்.

"இனி அவன் அதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 7

என் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். மணி அடிக்கவில்லை.

மார்ச் 10

சாப்பிட்டேன். பதினோரு பேருக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன் — ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது.

பூட்டினால் திரையில் என்ன தெரியும் என்று கேட்டேன். மாவுக்கை பெருமையாகக் காட்டினார், அவரே எழுதியதாம்: "திருட்டு போன். போலீசுக்குச் சொல்லியாச்சு. மரியாதையா திருப்பிக் குடு."

எத்தனை தடவை படித்திருப்பாள்? நான் எழுதியது என்றுதானே நினைப்பாள்?

மார்ச் 11

இங்கிருந்து பூட்டத்தான் முடியுமாம், திறக்க முடியாதாம். சரி, பூட்டு எண்ணையே திரையில் எழுதுங்கள் என்றேன்.

"நம்பரை வெளிய எழுதி வச்சா பூட்டு எதுக்குக்கா? எவன் வேணா திறப்பானே."

"எவனும் இல்ல தம்பி. எம் பொண்ணு. திருடு போகல. அவ வீட்டை விட்டுப் போயிட்டா."

காத்திருந்த நான்கு நோயாளிகள் காதிலும் விழுந்தது. விழட்டும். மாவுக்கை எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். நானே தட்டினேன். எண். அதற்குக் கீழே — 'வா' என்று எழுதினால் வரமாட்டாள், எனக்குத் தெரியாதா அவளை? "திருட்டுன்னு சொன்னது தப்பு. அம்மா." அவ்வளவுதான். அங்கே வைஃபை இருந்தால் போய்ச் சேருமாம்.

மார்ச் 12

ஒன்றுமில்லை.

மார்ச் 14

திறந்துவிட்டாள்.

கிளினிக் கம்ப்யூட்டரில் பார்த்தேன்; காலையில் போனில் சார்ஜ் தொண்ணூறு என்று காட்டியது. மதியம் அறுபது. சாயங்காலம் இருபத்திரண்டு. நன்றாகப் பேசுகிறாள் போலிருக்கிறது, யாரிடமோ. அதே எண்ணில் நான் வாங்கிய புது சிம்முக்கு எதுவும் வரவில்லை. அதே பக்கத்தில் வரைபடமும் இருக்கிறது. அந்தப் பாதியை நோயாளிகள் பதிவேட்டால் மறைத்துக்கொண்டுதான் பார்த்தேன். தெரிந்தால் போய் நிற்பேன், அவள் அங்கிருந்தும் கிளம்பிவிடுவாள்.

சார்ஜர் எடுத்துக்கொண்டு போனாளா என்று வீடு முழுக்கத் தேடினேன். இங்கே இல்லை. நல்லவேளை.