சேற்றுப்புண் ஆறியது எப்படி

அப்பா,

பழைய சோறு உறியில் இருக்கிறது. அம்மாவுக்கும் மிச்சம் வையுங்கள்.

என் சேற்றுப்புண்ணுக்கு அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியும் கேட்கவில்லை. மருதாணி அரைத்து அப்பியதில் கால்தான் சிவந்தது. "கல்யாணப் பொண்ணு நடவுக்கு வந்திருக்கு டோய்!" என்று பண்ணையில் வேலை வாங்கும் காரியக்காரர் கத்தினார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திய இந்தப் பத்து நாளில், சேற்றில் இறங்காததால், விரலிடுக்கு தானாகவே ஆறிவிட்டது. நேற்று நீங்கள் யாருக்கும் தெரியாமல் பண்ணை வீட்டுக்குப் போய், "எம் பொண்ணு நாளைக்கு நடவுக்கு வந்துரும்ங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது பேசாமல் இருந்தேன். இன்று நாற்று நட மாட்டேன். சங்கத்துப் பெண்களோடு வரப்பில் நின்று, நட வருகிறவர்களை மறிக்கப்போகிறேன்.

செவ்வந்தி

எனக்குப் பதிலாக அம்மாவை அனுப்பாதீர்கள். அவளையும் நான்தான் மறிக்க வேண்டியிருக்கும்.