ஆளில்லாத ரோலர்

11-2-91, திங்கள்

பனி. எட்டு மணி வரை எதிர்ச்சாரி வீடுகள் தெரியவில்லை. ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. ஸ்டவ்வுக்குத் திரி மாற்ற வேண்டும்.

வாலாஜாபாத்திலிருந்து மாப்பிள்ளை மொபெட்டில் வந்தார். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே பேச்சு.

"மாமா, ஞாயித்துக்கிழமை குழந்தைக்குப் பேர் வைக்கிறோம். சனிக்கிழமையே வந்துடணும். இந்தத் தடவை சாக்கு கீக்கு சொல்லக் கூடாது."

தலையாட்டிவிட்டேன். அவர் போன பிறகுதான் உறைத்தது.

ராத்திரி அங்கே தங்க வேண்டும். அதுதான் விஷயம்.

தூக்கத்தில் அலறுகிறவன் நான். பல வருஷங்களாக. அவர்கள் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போய்த் தங்கியபோது அலறினேன். திருடன் என்று சம்பந்தி கடப்பாரையோடு ஓடி வந்தார். தெருவே எழுந்தது. அதற்குப் பிறகு யார் வீட்டிலும் தங்கியதில்லை.

மகள் வசந்திக்கு முதல் பிரசவம். முறைப்படி இங்கே, எங்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டும். பச்சைக் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது அப்பா அலறினால்? யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ச. (என் சரோஜா) மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கே போய்விட்டாள். பேரனை நான் பார்த்தது ஒரே ஒரு பகல். இருட்டுவதற்குள் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

12-2, செவ்வாய்

வந்தது. எதிர்பார்த்ததுதான், கவலைப்பட்ட நாளில் அந்தக் கனவு தவறாமல் வரும்.

வழக்கம் போலவே. நல்ல வெயில். தார் ரோடு. ஒரு ஆள் கிடையாது. தூரத்திலிருந்து ரோடு ரோலர் வருகிறது. ஓட்டுகிற இருக்கை காலி. மெதுவாக, மிக மெதுவாக வருகிறது. மெதுவாக வருவதுதான் பயங்கரம். தார் இளகிக் கால் ஒட்டிக்கொள்கிறது. இரும்புச் சக்கரம் முழங்காலைத் தொடும்போது அலறி எழுகிறேன். தொண்டை புண்.

ரோடு ரோலரால் எனக்கு வாழ்க்கையில் ஒரு தீங்கும் நடந்ததில்லை. காரணம் தேடி அலுத்துவிட்டது. டாக்டர் மாத்திரை, ச. கட்டிய தாயத்து, இடது பக்கம் திரும்பிப் படுப்பது, வெறும் வயிறு, பால். எல்லாம் பார்த்தாயிற்று.

மாலை காய்கறி. கூட்டு ரோட்டில் வேலை நடக்கிறது. அங்கே ஒரு ரோலர், டீசல் இல்லாமல் நிற்கிறதாம். மறுபக்கமாகச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். பிறகு வெட்கம். நிற்கிற ரோலர், அதுவும் பகலில்.

13-2, புதன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

குடையை எடுத்துக்கொண்டு ரோலரிடம் போனேன். இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பினேன். நிழலில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்த டிரைவரே கூப்பிட்டார். கன்னியப்பன் என்று பெயர். நாற்பது வயது இருக்கலாம்.

"இன்னா சார், இங்கியும் அங்கியும் போய்கினு கீறீங்க? ரோட்டு மேல கம்ப்ளைண்டா?"

இல்லை என்றேன். இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன்.

"நின்னுகினு தானே கீது."

ச.வுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் சொல்லாததை, முன்பின் தெரியாத அவரிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். சிரிப்பார் என்று நினைத்தேன். சோற்றை மென்றுகொண்டே யோசித்தார்.

"ஓட்றது யாரு?"

"யாரும் இல்லை."

"ஆளே இல்லாம எப்பிடி சார் நவுரும்? எவனோ கியர்ல வுட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கான், பேமானி. வண்டி மேல தப்பு இல்ல."

இத்தனை வருஷத்தில் இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

பிறகு ஏறச் சொன்னார். படி பின்னால் இருக்கிறது. எனக்குத் தெரியாது, நான் எப்போதும் முன்னால் நின்றே பார்த்தவன். இருக்கையில் உட்கார்ந்தேன். ஒரு நெம்பு, கியர் கம்பி மாதிரி. முன்னே தள்ளினால் முன்னால் போகும், இழுத்தால் பின்னால் போகும், நடுவில் வைத்தால் நிற்கும். அவ்வளவுதானா என்று கேட்டேன்.

"அவ்ளோதான் பெர்சு. நாளைக்கு டீசல் வர்து. வா, ஓட்டிப் பாரு."

14-2, வியாழன்

ஓட்டினேன்!

கன்னியப்பன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், உண்மை. ஆனால் நெம்பு என் கையில். உடம்பெல்லாம் அதிர்ந்தது, பல் கடகடத்தது. பத்தடி போயிருக்கும். ஜல்லி அள்ளும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"யோவ் கன்னியப்பா, உன் வேலைக்கு ஆள் வந்துட்டாருய்யா!"

"தாத்தா, பாத்து, என் மேல ஏத்திடாத. எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

நெம்பை நடுவில் வைத்தேன். நின்றது. அவ்வளவு பெரிய இரும்பு, என் கைக்குக் கட்டுப்பட்டு நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி நிறுத்தினேன். கன்னியப்பன் போதும் என்று சொல்லும் வரை.

கை இன்னும் அதிர்கிறது. வேட்டியில் கிரீஸ் கறை. துவைத்தால் போகுமா? போகாவிட்டாலும் சரி.

15-2, வெள்ளி

காலையில் பல் துலக்கும்போது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சுவர் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், விடிகாலைல யாரை அந்த வாங்கு வாங்கினீங்க? எப்பவும் 'ஐயோ ஐயோ'ன்னுதானே கேக்கும். இன்னைக்கு 'எந்த மடையன்டா வண்டியை இப்படி விட்டுட்டுப் போனது'ன்னு ஒரே சத்தம். எங்க வூட்டுக்காரர் சொல்றாரு, சார் மறுபடி ஆபீஸ் போறாரு போலன்னு."

ஆபீஸில் நான் யாரையும் திட்டியதில்லை. தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர் என்று பெயர். டீ குடிக்கப் போனவர்களின் வேலையை எல்லாம் வாய் பேசாமல் நானே முடித்து வைத்துவிட்டு வருவேன்.

கனவில் நடந்தது: அதே வெயில், அதே ரோடு, அதே காலி இருக்கை. பயம் வருவதற்கு முன் கோபம் வந்துவிட்டது. அப்படி ஒரு கோபம். டீ குடிக்கப் போய்விட்டான்! திட்டிக்கொண்டே செருப்பைத் தாரிலேயே கழற்றி விட்டேன். ஒட்டியிருந்தது செருப்புதான், கால் இல்லை. பக்கவாட்டில் ஒதுங்கிப் பின்பக்கம் போய், படியில் ஏறி, நெம்பை நடுவில் வைத்தேன். நின்றது. அந்த இருக்கையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரு பக்கமும் புளிய மரங்கள். இவ்வளவு காலமாக அவை இருந்தது எனக்குத் தெரியாது.

இதை மூன்று முறை வாசித்துவிட்டேன். ஒரு தடவை நடந்தது மறு தடவையும் நடக்கும் என்பதற்கு நிச்சயம் உண்டா? இல்லை. இருந்தாலும் ஸ்டெல்லா சாட்சி.

16-2, சனி, வாலாஜாபாத்

பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். வாழைப்பழம் நசுங்கிவிட்டது. வெயில் சாய்வதற்குள் எழுதி முடிக்கிறேன்.

ச. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங்க, மாடியில படுக்கை போடட்டுமா? அங்க யாருக்கும் கேக்காது" என்றாள். பாவம், எனக்காகவே யோசித்து வைத்திருக்கிறாள்.

கூடத்திலேயே படுக்கிறேன் என்றேன். குழந்தையின் தூளி இருக்கும் கூடம். ச. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சம்பந்தி கடப்பாரையை எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. பயம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் படி பின்னால் இருக்கிறது.

17-2, ஞாயிறு

கண் விழித்தபோது நல்ல வெளிச்சம். கூடத்தில் எல்லாரும் சுவரில் சாய்ந்து, தலை கலைந்து, கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். முடிந்தது, மறுபடியும் அலறிவிட்டேன் என்று நினைத்தேன்.

"மன்னிக்கணும்" என்று எழுந்தேன்.

"எதுக்கு மாமா?" என்று மாப்பிள்ளை கொட்டாவி விட்டார்.

குழந்தைக்கு வயிற்று உப்புசமாம். ராத்திரி முழுக்க வீறிட்டு அழுதிருக்கிறான். எதிர் வீட்டிலிருந்து வந்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்களாம். வசந்தி அழுதிருக்கிறாள். சம்பந்தி தோளில் போட்டுத் தெரு முனை வரை நடந்திருக்கிறார்.

"தெருவே எழுந்துச்சு. சம்பந்தி மட்டும் அசையலையே! மூச்சு இருக்குதான்னு நான்தான் மூக்குல விரல் வெச்சுப் பாத்தேன்" என்று என்னைக் காட்டிச் சொன்னார் சம்பந்தி அம்மாள்.

நான் சிரித்தேன். ச. சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெயர் வைத்தாயிற்று. என் மடியில் வைத்துத்தான் காதில் சொன்னார்கள். கனம். சூடு.

சாப்பாடு முடிந்து நானே கேட்டேன். பயந்து கேட்கவில்லை, நேராகவே. "வசந்தியையும் குழந்தையையும் கொஞ்ச நாள் நம்ம வீட்டுல வெச்சுக்கட்டுமா?"

சம்பந்தி பாயை விரித்துக்கொண்டே, "தாராளமா கூட்டிட்டுப் போங்க. நாங்களும் கொஞ்சம் தூங்குறோம்" என்றார்.

தூளிக்கு உத்தரத்தில் கொக்கி வேண்டும். கயிறு. கொசுவலை. ஓமம். ஸ்டெல்லாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், இனி ராத்திரியில் சத்தம் கேட்டால் அது நான் இல்லை.